நுனியைக் கிள்ளினால் பூ சீக்கிரம் வராது, தள்ளித்தான் போகும்

போன வாரம் வியாசர்பாடியில் ஒரு வீட்டு மாடி. 22 தொட்டிகளில் மஞ்சள் சாமந்தி. இடுப்பு உயரம், அடர்த்தியான புதர், கரும்பச்சை இலை. ஒரு பூ இல்லை. ஆயுத பூஜைக்குத் தன் கையால் வளர்த்த பூவைப் படத்துக்குப் போட வேண்டும் என்று ஜூன் கடைசியில் கன்று வாங்கி வைத்தவர் அந்த அக்கா. பூஜைக்குக் கடையில் முழம் போட்டு வாங்கினாராம். "எத்தனை தடவை கிள்ளினீங்க?" என்று கேட்டேன். "நாலு தடவை சார். கடைசியா செப்டம்பர் நடுவுல. பூ வரலையேன்னுதான் மறுபடி கிள்ளினேன்" என்றார்.

அன்று எனக்குக் கோபம் வந்தது உண்மை. அவர் மேல் அல்ல. இந்த ஆண்டு மட்டும் பெரம்பூர், தண்டையார்பேட்டை, கொடுங்கையூர் என்று இதே கதையை எத்தனையோ மாடிகளில் கேட்டுவிட்டேன். பூ வரவில்லை என்றால் கிள்ளு, இன்னும் வரவில்லையா, இன்னொரு தடவை கிள்ளு. யாரோ தலையில் ஏற்றிவிட்ட பாடம் இது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். குண்டுமல்லியிலிருந்து. நவம்பர் கடைசியில் மல்லியைக் கவாத்து செய்கிறோம், மார்ச்சில் மொட்டு கொட்டுகிறது. ரோஜாவும் அப்படித்தான். அதனால் "வெட்டினால் பூக்கும்" என்பது எல்லாச் செடிக்கும் பொது விதி என்று ஆகிவிட்டது. மல்லி புதுத் துளிரில் பூப்பது, அதனால் வெட்ட வெட்டத் துளிர், துளிரில் பூ. சாமந்தி வேறு. அதன் பூ கிளையின் நுனியில்தான் உட்காரும். எந்த நுனியில் மொட்டு வரப்போகிறதோ, அதையே நகத்தால் கிள்ளி எறிந்தால் செடி எதை வைத்துப் பூக்கும்? பக்கக் கிளை விட வேண்டும், அது வளர வேண்டும், அதற்கு ஒரு நுனி உருவாக வேண்டும், அந்த நுனியில் மொட்டு கட்ட வேண்டும். பக்கக் கிளை தலைகாட்டவே இரண்டு வாரம் ஆகும். மொட்டு கட்டி விரிய, ரகத்தைப் பொறுத்து, இன்னும் எட்டு முதல் பத்து வாரம். ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் இந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

அப்படியானால் ஏன் கிள்ளச் சொல்கிறோம்? எண்ணிக்கைக்காக. ஒற்றைத் தண்டாக நெடுநெடுவென்று போகிற செடியைக் கிளைக்க வைக்க. நட்டு நாலு வாரம் கழித்து ஒரு தடவை, நுனியில் இரண்டு சென்டிமீட்டர், அவ்வளவுதான். பூ கூடும், நாள் தள்ளும். இரண்டும் சேர்ந்தேதான் வரும்.

பூக்கும் நேரத்தை முடிவு செய்வது உங்கள் நகம் அல்ல, இரவு. சாமந்தி நீண்ட இரவைக் கண்டால் மொட்டு கட்டுகிற செடி. பகல் நீளத்துக்கும் பூப்பதற்கும் தொடர்பு உண்டு என்று கார்னர், அல்லார்ட் என்ற இரண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் 1920-லேயே எழுதிவிட்டார்கள். 1938-ல் ஹாம்னரும் பானரும் ஒரு களைச்செடியை வைத்து, நடு இரவில் கொஞ்ச நேரம் வெளிச்சம் காட்டினாலே பூப்பது நின்றுவிடும் என்று காட்டினார்கள். சென்னையில் ஜூனில்கூடப் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. சாமந்திக்கு இங்கே ஆண்டு முழுக்க இரவு போதும். இருட்டாக இருந்தால்!

அந்த அக்கா வீட்டில் கைப்பிடிச் சுவருக்குச் சரியாக மேலே தெருவிளக்கு. வெள்ளை எல்.இ.டி., விடியும் வரை எரியும். விளக்குப் பக்கம் இருந்த 16 தொட்டியும் வெறும் இலை. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒதுங்கிக் கிடந்த 6 தொட்டியில் பட்டாணி அளவு மொட்டு. அதே கன்று, அதே மண், அதே நாலு கிள்ளல். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்? ஓசூர் பக்கம் பசுமைக்குடில்காரர்கள் இரவில் விளக்குப் போட்டுச் சாமந்தியைப் பூக்கவிடாமல் நிறுத்தி வைப்பார்கள், பூ வேண்டும்போது கறுப்புத் துணியால் மூடுவார்கள். அவர்கள் காசு கொடுத்துச் செய்வதைத் தெருவிளக்கு இவருக்கு இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. ஆடியில் விதைத்து மார்கழியில் காய்க்கிற நாட்டு அவரையும் இதே ஜாதிதான். பந்தல் நிறைய இலை, காய் இல்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது விளக்கைப் பற்றித்தான்.

அவருடைய மகன் கைப்பேசியில் ஒரு வீடியோ காட்டினான். "டாப்பிங்" செய்தால் எட்டு வாரத்தில் பூ என்று தமிழில் குரல் கொடுத்திருந்தார்கள். படத்தில் இருந்தது கஞ்சாச் செடி, வெளிநாட்டுக் கூடாரம் ஒன்றில். அந்த ஆள் நுனியை வெட்டி, செடி தேற ஒன்றிரண்டு வாரம் விட்டு, பிறகு விளக்கை 18 மணி நேரத்திலிருந்து 12-க்குக் குறைக்கிறான். அதுவும் நீண்ட இரவுச் செடிதான். பூக்க வைத்தது வெட்டு இல்லை, விளக்கைக் குறைத்தது. வெட்டு அங்கேயும் நாளைத் தள்ளித்தான் போட்டது. தம்பிகளே, இதையும் சொல்லிவிடுகிறேன். உரிமம் இல்லாமல் அந்தச் செடியை வளர்ப்பது 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி குற்றம், 10 ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். ஒரு தொட்டிதானே என்று விளையாடாதீர்கள். உங்கள் அம்மா கோர்ட் வாசலில் நிற்க வேண்டி வரும்.

சரி, என்ன செய்வது? பூ எந்த நாளில் வேண்டுமோ அதிலிருந்து 12 வாரம் பின்னால் எண்ணுங்கள். அதற்குப் பிறகு செடியில் கை வைக்காதீர்கள். நம் ஊரில் இரவிலும் புழுக்கம், அதுவும் மொட்டைத் தாமதிக்கும். அதனால் இன்னும் ஒரு வாரம் சேர்த்து எண்ணினால் நல்லது. கடுகளவு மொட்டு தெரிந்துவிட்டால் கிள்ளவே கூடாது. இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்ச் செடி பக்கத்தில் நில்லுங்கள். பேப்பரில் தலைப்பு படிக்க முடிகிறதென்றால் வெளிச்சம் அதிகம், தொட்டியை நகர்த்துங்கள். நகர்த்த இடமில்லையா, விளக்குப் பக்கம் மட்டும் தடித்த கோணியை மறைப்பாகக் கட்டுங்கள். முழுதாகப் போர்த்தி மூடாதீர்கள், வெந்துவிடும். மாடி விளக்கையும் அணைத்துவிடுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

பூ வரவில்லை என்று உரம் மேல் உரமாகக் கொட்டுவது இன்னொரு கொடுமை. அதை வேறொரு நாள் எழுதுகிறேன்.

அந்த 16 தொட்டியையும் நானும் அவர் மகனும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தூக்கி வைத்துவிட்டு வந்தோம். பொங்கலுக்குள் மொட்டாவது கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை கிள்ள மாட்டேன் என்று அக்கா கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.