டிரான்ஸ்லாங்குவேஜிங்: தமிழில் எப்படிச் சொல்வது?

பல வீட்டுமொழிகளிலிருந்து பிள்ளைகள் வந்து உட்காரும் வகுப்பில் இரண்டாம் மொழியை எப்படிக் கற்பிப்பது என்று ஆசிரியர்கள் பேசத் தொடங்கினால், இப்போதெல்லாம் 'டிரான்ஸ்லாங்குவேஜிங்' என்ற சொல் வந்துவிடுகிறது. வந்ததும் யாராவது ஒருவர், "அதாவது தங்கிலீஷில் பாடம் நடத்துறது, அவ்வளவுதானே?" என்று கேட்பார். அப்படியில்லை. ஒரு மொழியில் படித்ததை இன்னொரு மொழியில் பேசவும் எழுதவும் வைக்கிற, திட்டமிட்ட கற்பித்தல் முறை இது. அந்தத் தவறான புரிதலுக்குச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொள்ளாததும் ஒரு காரணம்.

இதை அமெரிக்கச் சரக்கு என்றே பலர் நினைக்கிறார்கள். நியூயார்க் பேராசிரியர் ஒஃபீலியா கார்சியா 2009-இல் எழுதிய நூலுக்குப் பிறகுதான் இது உலகம் சுற்றியது என்பது உண்மை. ஆனால் சொல் ஆங்கிலத்திலேயே பிறக்கவில்லை. அதன் ஊர், பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸ். மூலச் சொல் வெல்ஷ் மொழியில் 'ட்ரவ்ஸ்யெய்தி'. 'ட்ரவ்ஸ்' என்றால் குறுக்காக, கடந்து. 'யய்த்' என்றால் மொழி. கடைசியில் ஒட்டியிருப்பது பெயரை வினையாக்கும் விகுதி.

வேல்ஸில் இது பிறந்ததற்குக் காரணம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நாட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிடுவார்கள். அடுத்து எவன் வெல்ஷ் பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். பள்ளி விடும் நேரத்தில் அது யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. (தமிழ் பேசினால் அபராதம் போடும் நம்மூர் இங்கிலீஷ் மீடியம் பள்ளிகளுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.) பிறகு காற்று திசை மாறியது. 1939-இல் அபெரிஸ்ட்வித் நகரில் ஏழு பிள்ளைகளோடு முதல் வெல்ஷ் வழித் தொடக்கப்பள்ளி தொடங்கியது. 1980-களுக்குள் வெல்ஷை வீட்டில் பேசும் பிள்ளையும் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரும் நிலை வந்துவிட்டது. இரண்டு மொழியையும் அடித்துக்கொள்ளாமல் எப்படிப் பயன்படுத்துவது என்ற கேள்வியும் கூடவே வந்தது.

அந்தச் சமயத்தில் லாண்டட்னோ என்ற ஊரில் துணைத் தலைமையாசிரியர்களுக்கு நடந்த பயிற்சியின்போது, கென் வில்லியம்ஸ் என்ற கல்வியாளர் தம் சக பணியாளர் ஒருவரோடு சேர்ந்து இந்தச் சொல்லை உருவாக்கினார். 1994-இல் பாங்கர் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேட்டில் அது நிலைபெற்றது. ஆங்கிலத்தில் முதலில் 'டிரான்ஸ்லிங்குவிஃபையிங்' என்று பெயர்த்தார்கள். வாயில் நுழையவில்லை. கோலின் பேக்கர் என்ற அறிஞரோடு பேசிப் பார்த்து இன்றைய வடிவத்துக்கு வந்தார்கள்.

சரி, வில்லியம்ஸ் சொன்னது என்ன? பாடம் உள்ளே போவது ஒரு மொழியில், வெளியே வருவது இன்னொரு மொழியில். ஆங்கிலத்தில் ஒரு பக்கம் படிக்கிறார்கள், வெல்ஷில் பேசி அலசுகிறார்கள், வெல்ஷிலேயே எழுதுகிறார்கள். அடுத்த பாடத்தில் இது தலைகீழாகலாம். எந்த இடத்தில் எந்த மொழி என்பதை ஆசிரியர் முன்கூட்டியே திட்டமிடுகிறார். பேக்கர் இதற்குச் சொல்லும் காரணம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆங்கிலத்தில் படித்ததை ஆங்கிலத்திலேயே எழுதச் சொன்னால், ஒன்றும் புரியாமலேயே நாலு வரியை அப்படியே எடுத்துப் போட்டு மதிப்பெண் வாங்கிவிடலாம். நம் தேர்வு முறையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேகம் எப்படி உருவாகிறது என்று ஆங்கிலத்தில் படித்த பிள்ளை அதைத் தமிழில் எழுத வேண்டும் என்றால், விஷயம் ஜீரணமாகாமல் ஒரு வரியும் நகராது.

இரண்டு மொழியிலும் ஓரளவு கால் ஊன்றிய பிள்ளைகளுக்குத்தான் இது நன்றாகப் பயன்படும் என்றும், இரண்டாம் மொழியில் இப்போதுதான் எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்றும் வில்லியம்ஸே எச்சரித்திருக்கிறார். சொல்லைக் கொண்டாடுகிறவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

கார்சியா கைக்கு வந்தபோது சொல்லின் பொருள் விரிந்தது. இருமொழி பேசுகிறவர் தலைக்குள் இரண்டு தனித்தனிப் பெட்டிகள் இல்லை, இருப்பது ஒரே மொழிக்களஞ்சியம், அதிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்கிறார் என்பது அவர் வாதம். எல்லா மொழியியலாளர்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பாட முறைக்கு வைத்த பெயரை மனித மூளைக்கே விளக்கமாக நீட்டுவது சற்று அதிகம் என்றுதான் எனக்கும் படுகிறது.

இந்தக் கதையில் நம்மவர் ஒருவரும் இருக்கிறார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்து, பிறகு அமெரிக்காவுக்குப் போன சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாண ஆங்கில வகுப்புகளில் ஆசிரியரும் மாணவரும் எங்கே தமிழுக்கு மாறுகிறார்கள், எதற்காக மாறுகிறார்கள் என்று 1990-களிலேயே அவர் ஆராய்ந்து எழுதினார். வகுப்பை ஒழுங்குபடுத்தவும், ஊக்கப்படுத்தவும், கடினமான இடத்தை விளக்கவும் தமிழ் உள்ளே வருவதைக் காட்டினார். மொழிகளைக் கடந்து எழுதுவதைப் பற்றிய பிற்காலப் பேச்சில் அவர் பெயர் தவறாமல் வரும்.

இனி தமிழ்ச் சொல்லுக்கு வருவோம்.

'மொழிக்கலப்பு' சரிவராது. அதில் ஏற்கெனவே ஒரு வசை ஒலிக்கிறது. திட்டமிட்டுச் செய்வது என்ற பொருளும் இல்லை. 'மொழித்தாவல்' என்பதைப் பேச்சின் நடுவே ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வதற்கு, அதாவது கோட் ஸ்விட்சிங்குக்கு, வைத்துக்கொள்ளலாம். 'மொழிகடத்தல்' என்றால் சுங்கத்துறை வந்துவிடும். 'மொழிபெயர்' என்ற சொல் பழைய பொருளில் இதற்கு மிக அருகில் நிற்கிறது. குறுந்தொகையில் மாமூலனார் 'மொழிபெயர் தேஎத்தர்' என்று சொல்வது மொழி மாறிவிடும் தேசத்தில் இருப்பவரை. ஆனால் அந்தச் சொல் இன்று வேறு வேலையில் அமர்ந்துவிட்டது, அங்கிருந்து எழுப்ப முடியாது.

நான் பரிந்துரைப்பது 'ஊடுமொழிதல்'. மொழி என்பதைப் பெயராகவும் வினையாகவும் வைத்திருக்கும் வசதி நமக்கு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு அந்த வசதி குறைவு. 'லாங்குவேஜ்' என்ற பெயரைப் பிடித்து இழுத்துத்தான் வினையாக்க வேண்டியிருந்தது. நமக்கு மொழிந்தான், மொழிகிறாள் எல்லாம் இயல்பாகவே வரும். முன்மொழிவதும் வழிமொழிவதும் ஊராட்சிக் கூட்டத்தில்கூட நடக்கிறது. 'ஊடு' என்பதற்கு உழவர்களிடம் நல்ல முன்மாதிரி உண்டு: ஊடுபயிர். தென்னைக்கு நடுவே வாழை வைக்கிறவர் கண்டபடி விதைப்பதில்லை, இடைவெளி பார்த்து வைக்கிறார். இரண்டும் அதனதன் விளைச்சலைத் தருகின்றன.

'ஊடு' என்றதும் ஊடல் நினைவுக்கு வருகிறதே என்று ஒருவர் கேட்கலாம். ஊடுருவல் என்று படிக்கும்போது யாருக்கும் தலைவி நினைவுக்கு வருவதில்லை. 'ஊடாடல்' என்று சுருக்கமாக வைக்கலாமே என்றால், கணினிக்காரர்கள் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள். 'ஊடு' என்றால் இரண்டு தனி மொழிகள் இருப்பதாக ஆகிவிடுமே என்று கார்சியா பக்கத்தினர் சொல்லலாம். வெல்ஷ் மூலத்தில் உள்ள 'ட்ரவ்ஸ்' என்பதிலும் அதே எல்லைக்கோடு இருக்கிறது. மூலத்துக்கு உண்மையாக இருந்தால் போதும்.

தமிழ்நாட்டில் இந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு, ஓசூர்ப் பக்கத்தில் தெலுங்கோ கன்னடமோ பேசும் வீட்டுப் பிள்ளையும் தமிழ் படிக்கிறது. திருப்பூரில் பனியன் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இந்தியையும் ஒடியாவையும் வைத்துக்கொண்டு தமிழ் வகுப்பில் உட்காருகிறார்கள். ஓசூர் ஆசிரியர் பாடக்குறிப்பில் எழுதலாம்: 'பத்தியைத் தெலுங்கில் வாசித்தல், குழுவில் தெலுங்கில் பேசுதல், விடையைத் தமிழில் எழுதுதல் – ஊடுமொழிதல், 20 நிமிடம்.' முறையைக் குறிக்க 'ஊடுமொழி முறை', செய்கிற பிள்ளையைக் குறிக்க 'ஊடுமொழிபவர்' என்று கிளைச்சொற்களும் தடங்கலின்றி வரும்.