மணி அடித்த பிறகு வரும் முதல் நிமிடம்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் இன்றைய பெற்றோர் பலர் பலகைச் சுவரும் தகரக் கூரையும் கொண்ட தரைமட்டத் தோட்டப் பள்ளிகளில் படித்தவர்கள். வகுப்பறை வாசலைத் தாண்டினால் திடல், அதற்கப்பால் பால்மரங்கள். அவர்களின் பிள்ளைகளோ நகரத்துத் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம், மூன்றாம் மாடியில் படிக்கிறார்கள். தீயிலிருந்து தப்பும் கணக்கே இதனால் மாறிவிட்டது. தீப் பயிற்சியைப் பாடநேரத்தைத் தின்னும் சடங்காகக் கருதுவோர் அந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தீ விபத்துகளில் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது சுடர் அல்ல, புகை. சூடான புகை மேலெழுந்து, கூரையை முட்டிப் பரவி, தடித்தபடியே கீழே இறங்கும். மூடிய அறையில் அது தலைமட்டத்துக்கு வரச் சில நிமிடங்கள் போதும். அதில் கலந்துள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்போடு பற்றிக்கொள்கிறது. புகை சூழ்ந்தால் தவழ்ந்து செல்லச் சொல்வது இதனால்தான்: தூய காற்று மிஞ்சியிருப்பது தரையை ஒட்டித்தான். கடைசியாக வெளியேறுபவர் கதவைப் பூட்டாமல் சாத்திவிட்டு வந்தால், நடைவழிக்குள் புகை நுழைவது தாமதமாகும்.

ஓர் ஆள் அகலமுள்ள கதவு வழியாக நொடிக்குச் சுமார் ஒருவர் வெளியேறலாம். 35 பேர் உள்ள வகுப்பு ஒரு நிமிடத்துக்குள் காலியாகிவிடும். ஆனால் ஒரு சதுர மீட்டரில் நான்கு பேருக்கு மேல் நெருக்கினால் நடை ஏறக்குறைய நின்றே போகும். வகுப்புகள் முறைவைத்துப் படியிறங்குவதும் ஓடக் கூடாது என்பதும் ஒழுங்குக்காக மட்டுமல்ல, வேகத்துக்காகவும்தான்.

இவ்வளவும் நடக்கத் தொடங்கிய பிறகு வரும் கணக்கு. அதற்கு முன்பே, மணி ஒலித்ததற்கும் முதல் ஆள் எழுந்ததற்கும் இடையில்தான் பெரும் நேரம் வீணாகிறது. 1968இல் லட்டானே, டார்லி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவர்களின் அறைக்குள் புகையைச் செலுத்திப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். புகையைப் பொருட்படுத்தாமல் இருக்கும்படி ஏற்பாடு செய்யப்பட்ட இருவரோடு அமர்ந்திருந்தவர்களில் 10 விழுக்காட்டினர் மட்டுமே அசைந்தார்கள். அடுத்தவர் பேசாமல் இருந்தால் ஆபத்தில்லை என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது.

பள்ளியில் இது இன்னும் கடுமை. மணி அங்கே நாள் முழுவதும் ஒலிக்கிறது: பாடம் மாற, ஓய்வு நேரத்துக்கு, வீடு திரும்ப. முதலாம் ஆண்டுப் பிள்ளை மணியைக் கேட்டதும் ஆசிரியரின் முகத்தைத்தான் பார்க்கும். ஆசிரியர் தயங்கினால் வகுப்பே தயங்கும். ஆகவே பயிற்சி முதலில் ஆசிரியருக்குத்தான் என்பேன். யோசித்து முடிவெடுக்கும் வேலையை அது முன்கூட்டியே முடித்துவைக்கிறது. அபாய ஒலி மற்ற மணிகளிலிருந்து வேறுபட்டிருப்பதும், சில பயிற்சிகளாவது அறிவிப்பின்றி நடப்பதும் அவசியம்.

வழி இருந்தால்தான் வேகத்துக்குப் பயன். 2004இல் கும்பகோணத்துப் பள்ளியில் கூரைக்குப் பரவிய தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். 2017 செப்டம்பரில் கோலாலம்பூரில் குர்ஆன் மனனம் கற்பிக்கும் தாஃபிஸ் பள்ளி ஒன்றின் விடுதியில் 23 பேர் மாண்டார்கள். சன்னல்களில் இரும்புக் கம்பி இருந்தது. திருட்டுக்குப் பயந்து கம்பி போடும் பழக்கம் நம் பள்ளிகளிலும் உண்டு. அதற்குச் சாவி யாரிடம் இருக்கிறது என்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பயிற்சியின்போது ஒரு படிக்கட்டை அடைத்துவைத்துப் பாருங்கள். பழகிய வழி புகையால் மூடப்பட்டால் பிள்ளைகள் எங்கே திரும்புவார்கள் என்பது அன்றே தெரிந்துவிடும்.

திடலில் கூடியதும் பெயர் கூப்பிடுவதைச் சம்பிரதாயமாக்கிவிடக் கூடாது. எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று உறுதியானால் தீயணைப்பு மீட்புப் படையினர் தேடுவதற்காக உள்ளே போகத் தேவையில்லை. ஒருவர் குறைந்தால் எந்த மாடியில் தேடுவது என்று தெரியும். கழிவறைக்குப் போன பிள்ளை தன் வகுப்பைத் தேடி மேலே ஏறாமல் நேரே திடலுக்கு வரவேண்டும். அதையும் பழக்க வேண்டும். அன்றைக்கு வகுப்பைக் கவனிப்பவர் மாற்று ஆசிரியராக இருந்தால் பிள்ளைகளின் முகம் அவருக்குத் தெரியாது. வருகைப் பதிவேடு அவர் கையில் இருக்க வேண்டும், மேசை இழுப்பறையில் அல்ல.