வெளியே வருவது குளிசை அல்ல, மருந்து போன கூடு

தலவாக்கலைப் பக்கமிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "அம்மாவுக்குச் சீனி வியாதி. கிளினிக்கில் தந்த மெட்ஃபோமின் குளிசை, வெளிக்குப் போகும்போது முழுசாக வருகிறது. மருந்து உடம்பில் சேரவில்லையா? இடித்துப் பிளேன்டீயில் கலந்து கொடுக்கலாமா?"

மருந்து சேர்ந்திருக்கிறது. இடிக்கக் கூடாது.

சாதாரணக் குளிசை தண்ணீரை உறிஞ்சி, சில நிமிடங்களில் வயிற்றில் உடைந்து கரையும். பெனடோல் அந்த வகை. கேப்சியூலில் ஜெலட்டின் கூடு முதலில் கரைய வேண்டும். பாணி மருந்துக்கு உடைகிற வேலையே இல்லை. ஆனால் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். அல்லது எக்ஸ்.ஆர். என்று போட்டிருக்கும் குளிசைகள் உடையாமல் இருந்து, மருந்தை மெதுவாக விடவே செய்யப்பட்டவை. அம்மாவுக்குத் தந்ததும் அந்த வகையாகத்தான் இருக்கும்.

பல மெட்ஃபோமின் எஸ்.ஆர். குளிசைகளில் மருந்துத் தூளை ஹைப்ரோமெலோஸ் என்ற பொருளோடு கலந்து அழுத்தியிருப்பார்கள். மரக்கூழிலும் பஞ்சிலும் உள்ள செல்லுலோஸை மாற்றியமைத்துப் பெறுவது இது. குளிசை நனைந்ததும் மேற்பரப்பில் சுருண்டு கிடக்கும் இதன் நீண்ட மூலக்கூறுகள் நீரைப் பிடித்து விரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஃபலூடாவில் போட்ட கசகசா மாதிரி, சுற்றிலும் ஒரு கூழ்ப்படலம் உருவாகிவிடும். நீர் அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். கரைந்த மருந்தும் அதன் வழியே கசிந்துதான் வெளியே வர வேண்டும். நேரம் போகப் போக உள்ளே மிஞ்சிய மருந்துக்குக் கடக்க வேண்டிய தூரம் கூடும். அதனால் கசிவின் வேகம் தானாகவே குறையும். இந்தக் கணக்கை 1961இல் சமன்பாடாக எழுதியவர் டக்கேரு ஹிகுச்சி. வெளிவந்த மருந்தின் அளவு நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றும்: முதல் 1 மணி நேரத்தில் ஒரு பங்கு என்றால், இரண்டு பங்குக்கு 4 மணி, மூன்று பங்குக்கு 9 மணி. உண்மைக் குளிசையில் கூழின் வெளிப்புறமும் கரைந்துகொண்டிருப்பதால் கணக்குக் கொஞ்சம் விலகும். பல்சக்கரமோ பற்றரியோ இல்லாமல், ஒரு பசைத்தூள் மணிக்கூடாக வேலை செய்கிறது என்பது எனக்கு இன்னும் அலுக்காத விஷயம்.

இரவுச் சாப்பாட்டோடு போடச் சொல்வதும் இதோடு சேர்ந்ததுதான். மெட்ஃபோமின் பெரும்பாலும் சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்படும். வயிற்றில் சோறு இருந்தால் குளிசையும் அங்கே நெடுநேரம் தங்கி, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே அனுப்பும். மருந்து போன பிறகு மிஞ்சுகிற கொழகொழத்த கூடுதான் வெளியே வருவது. கடும் வயிற்றோட்டத்தில் மட்டும் குளிசை முன்னதாகவே வெளியேறிவிடலாம். அப்போது கிளினிக்கில் சொல்ல வேண்டும். மற்றபடி மருந்து வேலை செய்கிறதா என்பதை வெறுவயிற்றுச் சீனிப் பரிசோதனை காட்டிவிடும். "உடம்பு மருந்தை ஏற்கவில்லை, யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள்" என்று நூல் கட்டப் போவதில் காசுதான் கரையும்.

இடித்தால் கூழ்ப்படலத்துக்கு இடமே இல்லை. நாள் முழுவதற்குமான அளவு ஒரேயடியாக இறங்கி, குமட்டலும் வயிற்றுப்போக்கும் வரலாம். பிரஷருக்குக் கொடுக்கும் நிஃபெடிபின் எஸ்.ஆர். இன்னும் மோசம்; இடித்துக் கொடுத்தால் பிரஷர் திடீரென விழுந்து ஆள் மயங்கிவிடலாம். ஈ.சி. என்று போட்ட 75 மில்லிகிராம் அஸ்பிரினின் மேற்பூச்சு வயிற்று அமிலத்தில் கரையாமல் குடலில் கரையும். அதையும் இடிக்கக் கூடாது. வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் கேப்சியூலைத் திறந்தாலும் உள்ளேயிருக்கும் மணிகளை மெல்லக் கூடாது. அமிலம் பட்டால் அந்த மருந்தே கெட்டுவிடும்.

சிக்கல் என்னவென்றால், குளிசைகளை உறையில் எண்ணிப் போட்டுத் தரும்போது அந்த இரண்டு எழுத்தும் அட்டையோடு போய்விடுகின்றன. "இடிக்காமல் முழுசாக விழுங்கவும்" என்று உறையில் தமிழில் ஒரு முத்திரை குத்த எவ்வளவு செலவாகும்?

அம்மாவுக்கு விழுங்கக் கஷ்டம் என்றால் அதை டொக்டரிடம் சொல்லுங்கள். சாதாரண மெட்ஃபோமினைப் பெரும்பாலும் பொடித்துக் கொடுக்கலாம், ஆனால் கசக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று வேளை போட வேண்டியும் வரும். மெட்ஃபோமினுக்குப் பிளேன்டீ பகையில்லை. இரும்புச்சத்துக் குளிசைக்குத்தான் பகை: தேயிலையிலுள்ள பொருட்கள் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். அந்தக் குளிசையைத் தண்ணீரோடு போட்டு, தேத்தண்ணியை இரண்டு மணி நேரம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.