வாளிக்குள் ஒரு சாயப்பட்டறை

புதிதாக வாங்கிய சிவப்புச் சுங்குடிச் சேலையை முதல்முறை நனைக்கும்போது, வாளித் தண்ணீர் சில நிமிடங்களிலேயே ரோஜா நிறத்துக்கு மாறிவிடும். அதே வாளியில் தவறிப்போய் ஒரு வெள்ளை வேட்டியும் கிடந்தால், அலசி எடுக்கும்போது வேட்டி இளஞ்சிவப்பாக வெளியே வரும். ‘சாயம் போய்விட்டது’ என்கிறோம். சேலைக்கு அந்தப் பேச்சு பொருந்தும். வேட்டிக்கோ சாயம் வந்திருக்கிறது. ஒரு துணியை விட்டுச் சாயம் இறங்குவதும், இறங்கிய சாயம் இன்னொரு துணியில் ஏறுவதும் தனித்தனி நிகழ்வுகள். இதை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் உப்பு, வினிகர், படிகாரம் என்று வீட்டுக்கு வீடு சொல்லப்படும் வழிகளில் எது உதவும், எது கெடுக்கும் என்பது விளங்கும்.

ஜவுளிச் சோதனைக்கூடங்கள் இந்த இரண்டையும் பிரித்தே அளக்கின்றன. ஐ.எஸ்.ஓ. 105 என்னும் பன்னாட்டுத் தர வரிசையில் உள்ள சலவைச் சோதனையில், சாயமேற்றிய துணித் துண்டோடு ஒரு வெள்ளைப் பட்டையைச் சேர்த்துத் தைக்கிறார்கள். அந்தப் பட்டையில் பருத்தி, கம்பளி, நைலான், பாலியெஸ்டர், அக்ரிலிக், அசிடேட் என ஆறு வகை இழைகள் அடுத்தடுத்து நெய்யப்பட்டிருக்கும். சோப்பு நீரில் துவைத்து உலர்த்திய பிறகு, சாயத்துணி எவ்வளவு வெளிறியது என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும், பட்டையின் ஒவ்வோர் இழையும் எவ்வளவு கறைபட்டது என்பதற்குத் தனி மதிப்பெண்ணும் தருகிறார்கள். 5 என்றால் மாற்றமே இல்லை. 1 என்றால் மிக மோசம். ஒரே சாயம் பருத்தியையும் நைலானையும் ஆழமாகக் கறைப்படுத்திவிட்டுப் பக்கத்திலேயே இருக்கும் பாலியெஸ்டரை ஏறக்குறைய வெள்ளையாகவே விட்டுவைப்பதை அந்த ஒரு பட்டையிலேயே பார்த்துவிடலாம்.

பருத்தி நூல் பெரும்பாலும் செல்லுலோஸால் ஆனது. நீண்ட சங்கிலிகளாக அமைந்த இந்த மூலக்கூறின் நெடுக, ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் தொகுதிகள் நீட்டிக்கொண்டிருப்பதால் அது தண்ணீரை விரும்பி உறிஞ்சுகிறது. தண்ணீரில் கரைந்த சாயமும் அதோடு சேர்ந்து நூலுக்குள் நுழைகிறது. 1880களில் ஜெர்மன் வேதியியலாளர் பால் பெட்டிகர் காங்கோ சிவப்பு என்ற சாயத்தைக் கண்டுபிடித்தார். வேறு எந்தத் துணைப்பொருளும் இல்லாமல் பருத்தியில் நேராகவே ஏறிய முதல் செயற்கைச் சாயம் அதுதான். அதன் வழிவந்தவற்றுக்கு நேரடிச் சாயங்கள் என்று பெயர். நீண்டு தட்டையாக இருக்கும் இந்த மூலக்கூறுகள் செல்லுலோஸ் சங்கிலியோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு, ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற பலவீனமான ஈர்ப்புகள் பலவற்றால் நிற்கின்றன. பேருந்தில் துண்டு போட்டுப் பிடித்த இடத்தைப் போன்றது இந்தப் பிடிப்பு: வேறொருவர் வந்து துண்டை எடுத்துவிட்டால் இடம் போயிற்று. துவைக்கும்போது தண்ணீர் மூலக்கூறுகள் அதைத்தான் செய்கின்றன. இறங்கிய சாயம் வாளிக்குள் அலைகிறது. அங்கே இருக்கும் வெள்ளை வேட்டியும் அதே செல்லுலோஸ்தான், அதே இருக்கைகள்தான், ஆனால் எல்லாம் காலி. சாயப்பட்டறையில் நடந்த அதே வேலை இப்போது நம் வீட்டு வாளியில் நடக்கிறது.

உப்பைப் பற்றிய அறிவுரையை இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். புதுத்துணியை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் ‘பிடித்துக்கொள்ளும்’ என்பது கடைக்காரர்கள் முதல் வீட்டுப் பெரியவர்கள் வரை எல்லோரும் சொல்வது. இதன் வேரில் ஓர் உண்மை இருக்கிறது. தண்ணீரில் நனைந்த பருத்தியின் மேற்பரப்பு சிறிதளவு எதிர்மின் தன்மை பெறுகிறது. தண்ணீரில் கரையும்படி உருவாக்கப்பட்ட பருத்திச் சாயங்களும் எதிர்மின் தன்மை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கும் இந்த இரண்டுக்கும் நடுவே உப்பின் நேர்மின் சோடியம் அயனிகள் வந்து நிற்கும்போது விலக்கம் மங்கி, சாயம் நூலை நெருங்க முடிகிறது. அதனால்தான் சாயப்பட்டறைகளில் உப்பைக் கிலோ கணக்கில் கொட்டுகிறார்கள். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 50 கிராமும் அதற்கு மேலும் ஆகும். 15 லிட்டர் வாளிக்குக் கணக்கிட்டால் முக்கால் கிலோ. அந்த உப்பு முழுவதும் கடைசியில் கழிவுநீரில்தான் சேர்கிறது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றையும் அதன்மேல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையையும் பாழாக்கியதில் இந்த உப்புக்குப் பெரும் பங்குண்டு. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட உத்தரவிட்டதற்குப் பின்னணியும் இந்தக் கழிவுநீர்தான்.

ஆனால் உப்பு செய்வது சாயத்தை நூலை நோக்கித் தள்ளுவது மட்டுமே. பிணைத்து வைப்பது அதன் வேலையில் இல்லை. உப்புத் தண்ணீரில் ஊறிய துணி குறைவாகச் சாயம் விடுவது உண்மைதான். மறுநாள் நல்ல தண்ணீரில் போட்டதும், நேற்று இறங்காமல் நின்ற சாயம் இன்று இறங்குகிறது. இதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு: உப்புக்குச் சேலை எது, வேட்டி எது என்று தெரியாது. பல நிறத் துணிகள் கலந்து கிடக்கும் வாளியில் உப்பைப் போடும்போது, இறங்கி அலையும் சாயத்தை வெள்ளைத் துணியை நோக்கியும் அதே விசையோடு தள்ளிவிடுகிறோம். நம்பிக்கை வராதவர்கள் சாயம் இறங்கிய தண்ணீரை இரண்டு டம்ளர்களில் எடுத்து, ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி உப்பைக் கரைத்து, இரண்டிலும் வெள்ளைப் பருத்தித் துணியின் கீற்றைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து அலசிப் பார்க்கலாம். பருத்தியை நாடும் சாயமானால் உப்பு டம்ளரின் கீற்றே கூடுதலாகச் சிவந்திருக்கும்.

இன்று கடைகளில் கிடைக்கும் தரமான பருத்தி ஆடைகளில் பெரும்பாலானவை வேறொரு வகைச் சாயத்தால் நிறமேற்றப்பட்டவை. 1954இல் இங்கிலாந்தின் ஐ.சி.ஐ. நிறுவனத்தில் ரேட்டி, ஸ்டீபன் என்ற இருவர், சாய மூலக்கூறையே செல்லுலோஸோடு வேதிவினை புரிய வைத்து, சகப்பிணைப்பு என்னும் வலுவான வேதிப்பிணைப்பால் கோத்துவிட முடியும் என்று காட்டினார்கள். இரண்டு ஆண்டுகளில் அது சந்தைக்கு வந்தது. ரியாக்டிவ் சாயம் என்று திருப்பூரில் அன்றாடம் புழங்கும் பெயர் இதற்குத்தான். இப்படிப் பிணைந்த சாயம் சாதாரணச் சலவையில் எளிதில் கழன்று வராது. இதுவே உண்மையான கெட்டிச் சாயம்.

அப்படியானால் ரியாக்டிவ் சாயமிட்ட புதிய கருப்புச் சட்டை ஏன் தண்ணீரைக் கறுப்பாக்குகிறது? சாயத் தொட்டியில் செல்லுலோஸ் மட்டும் இல்லை, தண்ணீரும் இருக்கிறது. அதிலும் இருப்பது ஹைட்ராக்சில் தொகுதிதான். ஆகவே சாயத்தின் ஒரு பங்கு துணிக்குப் பதிலாகத் தண்ணீரோடு வினைபுரிந்து, பிணையும் திறனை இழந்துவிடுகிறது. திறனிழந்த இந்தச் சாயம் துணிக்குள்ளேயே பலவீனமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதை நீக்கக் கொதிநிலைக்கு நெருங்கிய சூட்டில் சோப்பு நீரிலும், பிறகு பலமுறை நல்ல நீரிலும் அலச வேண்டும். தண்ணீரும் எரிபொருளும் மிகுதியாகச் செலவாகும் கட்டம் இது. செலவைக் குறைக்க நினைப்பவர் கைவைக்கும் கட்டமும் இதுவே. பட்டறை முடிக்காமல் விட்ட அலசலை நாம் வீட்டில் முடிக்கிறோம். வெளிர் நிறத்துக்குத் துணியின் எடையில் 1 சதவீதத்துக்கும் குறைவான சாயம் போதும். ஆழ்ந்த கருப்புக்கு 5 சதவீதத்தையும் தாண்டும். சிவப்பு, கருநீலம், கருப்பு ஆகியவை அதிகமாகச் சாயம் விடுவதற்கு இந்த அளவே முதற்காரணம்.

ஒரு துணியில் இருப்பது எந்தச் சாயம் என்று சீட்டில் எழுதியிருக்காது. அலசும் தண்ணீரைக் கவனித்தாலே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். முதல் நாள் அடர் சிவப்பு, அடுத்த முறை இளஞ்சிவப்பு, மூன்றாம் நான்காம் முறை தெளிந்த நீர் என்று குறைந்துகொண்டே வந்தால், போவது உபரிச் சாயம். அதன் பிறகு அந்தத் துணியை மற்றவற்றோடு சேர்க்கலாம். ஆறு முறை துவைத்தும் தண்ணீர் அதே நிறத்தில் இருந்தால், பிணைப்பே இல்லாத சாயம் அது. அந்தத் துணியைக் கடைசிவரை தனியாகத் துவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. வாங்கியவுடன் தெரிந்துகொள்ள விரும்பினால், உள்மடிப்பில் ஓர் ஓரத்தை வெதுவெதுப்பான சோப்பு நீரால் நனைத்து, அதன்மேல் வெள்ளைத் துணியை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பார்க்கலாம்.

படிகாரத்தின் கதை உப்பின் கதையைவிடப் பழையது, எனக்கு அதைவிடப் பிடித்ததும்கூட. சோழமண்டலக் கடற்கரையில் இம்பூறல் என்னும் சிறுசெடியின் வேரை, அதாவது சாயவேரை, எடுத்துப் பருத்தித் துணிக்குச் சிவப்பு ஏற்றினார்கள். அந்த வேரின் நிறப்பொருள் தானாகப் பருத்தியைப் பற்றாது. துணியை முதலில் படிகாரத்தில் தோய்த்தால், அதிலுள்ள அலுமினியம் நூலோடும் சாயத்தோடும் இணைந்து, தண்ணீரில் கரையாத ஓர் அணைவை உண்டாக்குகிறது. வேதியியலில் இப்படிப்பட்ட பொருளுக்கு நிறமூன்றி என்று பெயர். துவைக்கத் துவைக்க நிறம் மங்காத இந்தத் துணிகள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் உண்டாக்கிய மோகத்தில், உள்நாட்டு நெசவைக் காக்க 1686இல் பிரான்ஸ் அவற்றுக்குத் தடையே விதித்தது. படிகாரத்தின் இந்தப் பெருமை நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அது சாயவேருக்குரிய பெருமை. இன்றைய நேரடிச் சாயமும் ரியாக்டிவ் சாயமும் அலுமினியத்தை நம்பி உருவாக்கப்பட்டவை அல்ல. ஏற்றி முடித்த துணியைப் படிகார நீரில் முக்குவதால் அவை கெட்டிப்படுவதில்லை.

வினிகருக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு. பட்டும் கம்பளியும் புரதங்கள். அவற்றின் அமினோ தொகுதிகள் அமிலச் சூழலில் நேர்மின் தன்மை பெற்று, எதிர்மின் தன்மையுள்ள சாயத்தை இழுத்துப் பிடிக்கின்றன. காரச் சூழலில் இந்த மின்னூட்டம் குறைந்து பிடி தளர்கிறது. சலவைப் பவுடர் காரமானது என்பதால் சாயத்துக்கும் பட்டுக்கும் அதனால் ஒருசேரக் கேடு. ஜரிகை இல்லாத பட்டுத்துணியைக் காரமற்ற திரவ சோப்பில் குளிர்ந்த நீரில் விரைவாக அலசி, கடைசித் தண்ணீரில் சிறிது வினிகர் சேர்ப்பதற்கு அறிவியல் நியாயம் இருக்கிறது. பருத்திக்கு அது பயன்படாது. ஜரிகைப் பட்டுச்சேலையை உலர்சலவைக்குக் கொடுப்பதே நல்லது. அங்கே பயன்படும் கரிமக் கரைப்பான்களில் பட்டின் சாயம் கரைவதில்லை. ஜீன்ஸில் உள்ள இண்டிகோ தண்ணீரில் கரையவே கரையாது. நூலின் மேற்புறத்தில் படிந்திருக்கும் அது உரசலில் உதிர்கிறது. ஆகவே அதை உள்புறம் வெளியே தெரியுமாறு திருப்பிப் போட்டுத் துவைக்க வேண்டும்.

சாயம் இறங்குவதை வீட்டில் முழுவதுமாக நிறுத்த முடியாது. இறங்கிய சாயத்துக்கு நேரமும் சூடும் நெருக்கமும் கிடைக்காமல் செய்ய முடியும். சூடு கூடினால் நூல் உப்பி, சாயத்தின் நடமாட்டம் வேகமாகிறது. ஆகவே நிறத்துணிக்குக் குளிர்ந்த நீரே ஏற்றது. சோப்பு நீரில் இரவு முழுவதும் ஊறவைப்பது சாயத் தொட்டியில் போட்டு வைப்பதற்குச் சமம். பத்து நிமிடம் போதும். இயந்திரத்தில் திணித்துப் போட்டால் தண்ணீர் குறைந்து சாயம் செறிவாகும். இடம் விட்டுப் போட்டால் நீர்த்துப்போகும். உப்புத் தண்ணீர் வரும் வீடுகளில் உபரிச் சாயம் எளிதில் வெளியேறாது என்பதால், புதுத்துணியை அலசவாவது நல்ல தண்ணீர் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். நிறத்துணிகளுக்கென்று விற்கப்படும் சில திரவ சோப்புகளில் பாலிவினைல்பிரோலிடோன் என்னும் பாலிமர் சேர்க்கப்படுகிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனியில் இரத்த பிளாஸ்மாவுக்கு மாற்றாகப் பயன்பட்ட அதே பொருள். தண்ணீரில் அலையும் சாயத்தை அது சூழ்ந்து பிடித்து, வேறு துணியில் ஏறவிடாமல் வைத்திருக்கிறது. சாயம் உறிஞ்சும் தாள்கள் நேர்மின் தன்மை ஏற்றப்பட்டவை என்பதால், எதிர்மின் சாயத்தை வேட்டிக்கு முந்திக்கொண்டு இழுத்துவிடுகின்றன. ஒரு துணி லேசாகச் சாயம் விட்டால் இவை காப்பாற்றும். புதிய சுங்குடியின் முதல் சலவையைச் சமாளிக்கும் திறன் ஒரு தாளுக்குக் கிடையாது.

துவைத்து முடித்த பிறகும் ஆபத்து இருக்கிறது என்பதைப் பலர் நினைப்பதில்லை. வெள்ளை உடலும் சிவப்புக் கரையும் உள்ள சேலையைப் பிழிந்து சுருட்டி ஒரு மணி நேரம் வாளியில் விட்டுவிட்டால், நனைந்த நூல் வழியே தண்ணீர் நகர, சாயமும் கூடவே நகர்ந்து, எங்கே நீர் ஆவியாகிறதோ அங்கே கோடாகத் தங்கிவிடும். உடனே உதறி, கரை வெள்ளைமேல் படாதபடி நிழலில் காற்றோட்டமாக விரித்துப் போட வேண்டும். சேலைக்கு அடியில் தைக்கும் ஃபால்ஸ் துணியும் ரவிக்கையின் லைனிங்கும் இதே வகையில் எதிரிகளாகலாம். தைக்கக் கொடுக்கும் முன்பே தண்ணீர் தெளியும்வரை அவற்றை அலசிக் காயவைப்பது நல்லது. தைத்த பிறகு இரண்டையும் பிரித்துத் துவைக்க வழியில்லை.

சாயம் ஏறிவிட்டதைப் பார்த்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, துணியைக் காயவிடாமல் இருப்பது. ஈரம் போனால் சாயம் நூலோடு இன்னும் நெருங்கிப் படிந்துவிடும். இஸ்திரி போட்டால் இன்னும் மோசம். ஈரமாக இருக்கும்போதே, சாயம் விட்ட துணியைப் பிரித்தெடுத்துவிட்டு, கறைபட்டதை மட்டும் நிறைய வெதுவெதுப்பான நீரில் வழக்கத்தைவிடக் கூடுதலான சோப்போடு துவைத்தால் பெரும்பகுதி போய்விடும். வெள்ளைப் பருத்தியில் மீதி இருந்தால் சோடியம் பெர்கார்பனேட் உள்ள ஆக்சிஜன் வெளுப்பான் உதவும். குளோரின் வெளுப்பானை வெள்ளைப் பருத்திக்கு மட்டுமே பயன்படுத்தலாம். பட்டும் கம்பளியும் அதில் அழிந்துவிடும், வினிகரோடு சேர்த்தால் நச்சு வாயு வெளிப்படும். சாயப்பட்டறைக்காரர்கள் ஹைட்ரோஸ் என்று சொல்லும் சோடியம் டைதயோனைட், பெரும்பாலான சாயங்களுக்கு நிறம் தரும் நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பையே உடைக்கிறது. இவற்றில் குளோரினுக்கும் ஹைட்ரோஸுக்கும் கறை எது, கரை எது என்று தெரியாது; இரண்டையும் ஒன்றாகவே வெளுக்கும். ஆகவே சேலையின் சொந்தக் கரையே வெள்ளை உடலில் இறங்கியிருந்தால், காயவிடாமல் தண்ணீரை மாற்றி மாற்றித் துவைப்பதுதான் பாதுகாப்பான வழி.