டிரம்முக்குள் அடங்கும் நெருப்பு

அமெரிக்காவில் வீட்டுக் கொல்லையில் கறியைப் புகையில் வேகவைக்கிறவர்கள் பலர் அதற்கான அடுப்பைக் கடையில் வாங்குவதில்லை. பழைய 55 காலன் டிரம் ஒன்றைத் தேடிப்பிடித்துத் தாங்களே செய்துகொள்கிறார்கள். நம் கணக்கில் அது ஏறத்தாழ 208 லிட்டர். 'அக்லி டிரம் ஸ்மோக்கர்' என்று செல்லமாகச் சொல்வார்கள். டிரம்மின் அடிப்பக்கம் மூன்று நான்கு துளைகள், அவற்றில் ஒன்றில் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் வால்வு, மற்றவற்றுக்கு மூடி. உள்ளே கம்பிக் கூடையில் கரி. அதற்குச் சுமார் இரண்டடி மேலே கறி வைக்கும் கம்பித் தட்டு. மேல்மூடியில் புகை போக வழி. அவ்வளவுதான்.

வேலை முழுவதும் அந்த வால்வில்தான் இருக்கிறது. மாட்டின் நெஞ்சுக்கறி வேக, 110 முதல் 120 டிகிரி செல்சியஸ் சூடு பத்து மணி நேரத்துக்கு மேல் நிலையாக நிற்க வேண்டும். கரியை அளந்து போட்டு இதைச் சாதிக்க முடியாது. அநேகமாக எந்தக் கரிமப் பொருளை எரித்தாலும், செலவாகும் ஒவ்வொரு கிராம் ஆக்ஸிஜனுக்கும் கிட்டத்தட்ட 13 கிலோஜூல் வெப்பம் வருகிறது என்று 1917-லேயே தார்ன்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி காட்டினார். ஆகவே கூடை நிறையக் கரி கிடந்தாலும், உள்ளே எவ்வளவு காற்று வருகிறதோ அவ்வளவுதான் சூடு. பிறக்கும் வெப்பமும் டிரம்மின் தகடு வழியாகவும் புகையோடும் வெளியேறும் வெப்பமும் சமமாகிற இடத்தில் சூடு நின்றுவிடும். மூடியைத் திறந்து திறந்து பார்த்தால் காற்று புகுந்து தணல் கிளம்பிவிடும். அப்புறம் அதை அடக்கச் சிரமம்.

மேல்வழியை மட்டும் திறந்தே வைக்க வேண்டும். புகை தேங்கினால் கறியில் கசப்பு படியும். ஓக், ஹிக்கரி மரக் கட்டைகளுக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் சூட்டில் சிதைந்து குவையகால், சிரிங்கால் போன்ற வாசனைச் சேர்மங்கள் பிறக்கின்றன. புகைவாசம் பெரும்பாலும் இவற்றால் வருவதுதான். அடர்ந்த வெள்ளைப் புகை நல்லதல்ல, மெல்லிய நீலம் வரும்வரை பொறுக்க வேண்டும்.

சரி, பழைய இரும்பில் எதைத் தொடலாம்? இங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன். உணவுப்பொருள் இருந்த டிரம் மட்டுமே வேண்டும். பூச்சிமருந்தோ ரசாயனமோ இருந்ததை எவ்வளவு எரித்தாலும் நம்பக்கூடாது. நல்ல டிரம்மிலும் உள்ளே எபாக்சிப் பூச்சு இருக்கலாம். திறந்த வெளியில் பெரிய நெருப்பு மூட்டி எரித்து, கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தெடுக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு தணலுக்குப் பக்கத்தில் வரவே கூடாது, துத்தநாகப் புகை மூச்சில் போனால் காய்ச்சலே வரும். பழைய ஃப்ரிட்ஜின் கம்பித் தட்டு அளவாகப் பொருந்துகிறதே என்று எடுத்து வைப்பார்கள். அவற்றில் சிலவற்றுக்குக் காட்மியம் முலாம் பூசியிருந்தார்கள். அது விஷம். எவர்சில்வர் தட்டே போதும்.

பாதி வழியில் கறியின் உள்சூடு 65 - 75 டிகிரிக்குள் வந்து, மணிக்கணக்கில் ஏறாமல் நிற்கும். பலர் பதறி வால்வைத் திறந்துவிடுவார்கள். உடம்பு வியர்த்துக் குளிர்வதைப் போல, மேற்பரப்பின் ஈரம் ஆவியாகி வெப்பத்தைக் கொண்டுபோகிறது, வேறொன்றுமில்லை. அந்த நேரத்திலும் உள்ளே கறியை விறைப்பாக்கும் கொலாஜன் என்ற புரதம் மெல்ல ஜெலட்டினாகக் கரைந்துகொண்டிருக்கும். ஈரம் குறைந்ததும் சூடு தானாக ஏறும். 95 டிகிரியை ஒட்டிக் கறி மெத்தென்று ஆகிவிடும்.

கறியை எடுத்தபின் வால்வையும் மேல்வழியையும் இறுக மூடினால், உள்ளிருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்து தணல் அணைந்துவிடும். மிச்சக் கரி அடுத்த தடவைக்கு உதவும்.