நிச்சயமின்மையா, அறுதியின்மையா?

கோபியில் மாலை நேரங்களில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். அணு அமைப்புப் பாடத்தில் ஜெர்மன் இயற்பியலர் ஹைசன்பர்க்கின் கோட்பாடு வரும் இடத்தில் ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “ஏனுங்க சார், எலக்ட்ரான் எங்க இருக்குதுன்னு நமக்குத் தெரியலைங்களா, இல்ல அதுக்கே ஒரு எடம் இல்லைங்களா?”

அன்று என்னால் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. குவாண்டம் இயற்பியலின் அடிவயிற்றில் இருக்கும் கேள்வி அது. அவள் அப்படிக் குழம்பியதற்கு நாம் பாடத்தில் புழங்கும் சொல்லும் ஒரு காரணம் என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ‘நிச்சயமின்மைக் கோட்பாடு’ என்கிறோம். நிச்சயமாகத் தெரியாது என்றுதானே யாருக்கும் காதில் விழும்?

முதலில் கோட்பாடு சொல்வதைப் பார்த்துவிடலாம். ஒரு துகளின் இடம் ஒன்று, உந்தம் இன்னொன்று. உந்தம் என்பது நிறையை வேகத்தால் பெருக்கி வருவது. ஒவ்வொன்றும் எவ்வளவு தூரம் விரிந்திருக்கிறது என்பது அதன் பரவல். இடத்தின் பரவலையும் உந்தத்தின் பரவலையும் பெருக்கினால், குவாண்டம் இயற்பியலின் அடிப்படை எண்ணான பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்து வரும் அளவுக்குக் கீழே அது இறங்காது. ஒன்றை இறுக்கினால் மற்றது விரியும். 1927இல் ஹைசன்பர்க் இந்தக் கருத்தை முன்வைத்தார். இப்போது நாம் எழுதும் துல்லியமான வடிவத்தை அதே ஆண்டில் கென்னார்ட் என்ற இயற்பியலர் நிறுவினார்.

சொல்லின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஹைசன்பர்க் தம் ஜெர்மன் கட்டுரையில் பெரும்பாலும் எழுதிய சொல் ‘உன்கெனாவிக்கைட்’, அதாவது துல்லியமின்மை. அதோடு ‘உன்பெஷ்டிம்ட்ஹைட்’ என்ற சொல்லையும் பயன்படுத்தினார். ‘பெஷ்டிம்ட்’ என்றால் தீர்மானிக்கப்பட்டது, இன்னது என்று முடிவானது. அதன் எதிர்மறை அந்தச் சொல். அறிகிறவரின் தயக்கத்தைக் காட்டும் ‘உன்ஸிஹர்ஹைட்’ அதில் முதன்மைச் சொல்லே அல்ல. ஆனால் அவர் 1929இல் சிகாகோவில் ஆற்றிய உரைகள் அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் நூலானபோது ‘அன்சர்ட்டன்ட்டி’ என்ற சொல் முன்னுக்கு வந்து நிலைத்தது. நாம் ஆங்கிலத்தைப் பார்த்து ‘நிச்சயமின்மை’ என்று எழுதிக்கொண்டோம். ஜெர்மன்காரர்களோ இன்று ‘உன்ஷெர்ஃபெ’ என்கிறார்கள். கூர்மையின்மை என்று பொருள். கலங்கிய புகைப்படத்துக்கும் அவர்கள் அதே சொல்லைத்தான் சொல்வார்கள்.

ஆக, ஒரு சமன்பாட்டுக்கு மூன்று விதமான பெயர். துல்லியமின்மை அளவீட்டைப் பற்றியது. நிச்சயமின்மை நம் அறிவைப் பற்றியது. முடிவாகாமை பொருளையே பற்றியது. மாணவி கேட்டதும் இந்த வித்தியாசத்தைத்தான்.

அடுத்த நாள் வகுப்புக்கு ஒரு கயிறு கொண்டு போனேன், கிணற்றில் தண்ணீர் சேந்தும் கயிறு. ஒரு முனையை வாசல் தென்னையில் கட்டி, மறு முனையை மாணவியிடம் கொடுத்து, ஒரே ஒரு உதறு உதறச் சொன்னேன். ஒரு மேடு கிளம்பிக் கயிற்றில் ஓடியது. “இப்ப அலை எங்க இருக்குது?” கை நீட்டிக் காட்டினாள். “அதோட அலைநீளம் எவ்வளவு?” இருப்பது ஒரே மேடு. எந்த மேட்டிலிருந்து எந்த மேடு வரை அளப்பது? பிறகு கயிற்றை விடாமல் சீராக ஆட்டச் சொன்னேன். இப்போது மேட்டுக்கு மேடு அளக்கலாம், அலைநீளம் தெளிவு. ஆனால் அலை எங்கே என்றால் கயிறு முழுக்க.

இங்கே யாருக்கும் எதுவும் தெரியாமல் போகவில்லை. கயிறு கண்முன்னாலேயே இருக்கிறது. ஓர் அலைக்கு இடமும் அலைநீளமும் ஒரே நேரத்தில் கூர்மையாக அமையாது, அவ்வளவுதான். எலக்ட்ரானுக்கும் அலைத்தன்மை உண்டு என்று 1924இல் பிரெஞ்சு இயற்பியலர் டி பிராய் சொன்னார். அலைநீளம் குறையக் குறைய உந்தம் கூடும் என்பது அவர் தந்த தொடர்பு. இந்த இரண்டையும் சேர்த்தால் ஹைசன்பர்க்கின் கோட்பாடு தானாக வந்து நிற்கிறது.

பல புத்தகங்கள் வேறு விதமாகச் சொல்லும்: எலக்ட்ரானைப் பார்க்க ஒளியைப் பாய்ச்சுகிறோம், ஒளி அதைத் தட்டிவிடுகிறது, அதனால்தான் வேகம் தெரியவில்லை என்று. அது ஹைசன்பர்க்கே 1927இல் சொன்ன காமாக் கதிர் நுண்ணோக்கி உதாரணம். அதில் இருந்த ஒரு பிழையை டென்மார்க் இயற்பியலர் நீல்ஸ் போர் சுட்டிக்காட்ட, கட்டுரை அச்சாகும்போது ஹைசன்பர்க் ஒரு குறிப்புச் சேர்த்தார். கயிற்றை யாரும் தட்டிவிடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், அந்த விளக்கம் முழுமையானது அல்ல என்று புரியும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘ஐயப்பாட்டுக் கொள்கை’ என்று சிலர் எழுதுகிறார்கள். ஐயம் மனிதர் மனசில் இருப்பது, அதனால் இது நிச்சயமின்மையைவிடத் தள்ளிப் போகிறது. ‘நிலையின்மை’ என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. அணு நிலைத்து நிற்பதே இந்தக் கோட்பாட்டால்தான். எலக்ட்ரானை ஓர் அணுவின் அகலத்துக்குள், அதாவது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்குக்குள் அடக்கினால், அதன் வேகத்தின் பரவல் நொடிக்குச் சுமார் 580 கிலோமீட்டருக்குக் குறையாது. கோவையில் கிளம்பி ஒரே நொடியில் சென்னையைத் தாண்டுகிற வேகம். இன்னும் நெருக்கினால் இன்னும் வேகம் பரவும், ஆற்றல் ஏறும். அதனால்தான் எலக்ட்ரான் அணுக்கருவில் போய் விழுவதில்லை. இதற்கா நிலையின்மை என்று பெயர் வைப்பது?

‘மங்கல்’ அழகான சொல். ஆனால் மங்கலான படத்துக்குப் பின்னால் தெளிவான ஆள் ஒருவர் நின்றிருப்பார். எலக்ட்ரான் விஷயத்தில் அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதுதான் கேள்வியே.

நம் பேச்சில் ‘நிச்சயம்’ என்ற வடசொல்லுக்கு இரண்டு முகம் இருப்பதையும் சொல்லியாக வேண்டும். “எனக்கு நிச்சயமாத் தெரியாதுங்க” என்றால் குறை நம்மிடம். “பொண்ணுக்கு இன்னும் நிச்சயம் ஆகலைங்க” என்றால் காரியமே இன்னும் முடிவாகவில்லை. ஜோசியருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாமல் இருக்கும் சங்கதி அல்ல அது. ‘ஆகலை’ என்கிற இந்த இரண்டாம் முகம்தான் உன்பெஷ்டிம்ட்ஹைட்டுக்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் ‘நிச்சயமின்மை’ என்று எழுதியவுடன் அந்த முகம் மறைந்து, தெரியாமை மட்டும் நிற்கிறது.

அதனால் நான் ‘அறுதியின்மை’ என்கிறேன். புதிய சொல் அல்ல, சிலர் ஏற்கெனவே எழுதுவதுதான். அறு என்ற வினையடியில் பிறந்தது அறுதி, முடிந்த முடிவு. அறுதிப் பெரும்பான்மை என்று செய்தியில் படிக்கிறோம். காடு தோட்டம் விற்கும்போது அறுதிக் கிரயம் எழுதுகிறோம், அதற்கு மேல் பாக்கி உரிமை ஏதும் இல்லை என்பதற்காக. ‘அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை’ என்றால் சொல்கிறவரின் நிலை, ‘விஷயம் அறுதியாகவில்லை’ என்றால் பொருளின் நிலை. இரண்டுக்கும் இச்சொல் இடம் தருகிறது.

அந்த இடம் அவசியம். ஏனென்றால் 1952இல் டேவிட் போம் என்ற இயற்பியலர் முன்வைத்த விளக்கத்தில் எலக்ட்ரானுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, ஓர் அலை அதை வழிநடத்துகிறது, நமக்குத்தான் அந்த இடம் முழுமையாகத் தெரிய வழியில்லை. சாதாரண குவாண்டம் கணக்கு தரும் அதே விடைகளைத்தான் அதுவும் தருகிறது. அவர் பக்கம் நின்றால் நிச்சயமின்மையும் சரியான சொல்லே. நீல்ஸ் போர், ஹைசன்பர்க் பக்கம் நின்றால் தவறு. வழக்கு முடியாதபோது பாடப்புத்தகத்தின் தலைப்பே ஒரு பக்கத்துக்குத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் எண்ணம்.

மாணவி தன் நோட்டில் பழைய சொல்லை அடிக்காமல் பக்கத்திலேயே ‘அறுதியின்மை’ என்று எழுதிக்கொண்டாள். கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, “அப்ப அளந்து பாத்தா ஒரு எடத்துலதானுங்க சார் கெடைக்குது? அது எப்பங்க அறுதியாகுது?” என்றாள். அளவீட்டுச் சிக்கல் என்று அதற்குப் பெயர், இன்றுவரை இயற்பியலர்கள் ஒரே முடிவுக்கு வராத இடம் அது என்று மட்டும் சொன்னேன்.