வெயில் ஊரில் மண்ணை உறையவைப்பது

கோலாலம்பூர், செந்தூல் வாசகர் ஒருவரின் கேள்வி: “ஐஸ் கச்சாங் வாங்கிய ஐந்து நிமிடத்தில் தண்ணீராகிவிடும் ஊர் இது. இங்கே பூமிக்கடியில் மண்ணை உறையவைத்துச் சுரங்கம் தோண்ட முடியுமா?”

முடியும். பக்கத்திலேயே சிங்கப்பூர் மரீனா பே நிலையத்தில், ரயில் ஓடிக்கொண்டிருந்த வடக்கு–தெற்குப் பாதைச் சுரங்கங்களுக்கு அடியில் புதிய பாதைக்கு வழி திறக்க இந்த முறையைத்தான் கையாண்டார்கள். இம்முறை 1862இல் வேல்ஸில் ஒரு சுரங்கக் கிணற்றில் தொடங்கியது. 1883இல் ஜெர்மானியப் பொறியாளர் போட்ஷ் காப்புரிமை பெற்ற அமைப்புதான் இன்றைக்கும் அடிப்படை.

இரட்டைச் சுரங்கங்களைப் பெரிய இயந்திரம் துளைத்துவிடும். தீப்பிடித்தால் பயணிகள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தப்பிப் போக, நடுவே குறுக்குவழிகள் வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் சிறு கருவிகளால்தான் தோண்டுவார்கள். நீர் நிறைந்த மணலில் சுரங்கச் சுவரான கான்கிரீட் வளையத்தைத் திறந்தால் மண் கூழாகப் பாய்ந்துவரும். அதைத் தடுக்கத்தான் சுற்றியுள்ள மண்ணை முதலில் உறையவைத்துச் சுவராக்குகிறார்கள். பத்துமலையாக நிமிர்ந்து நிற்கும் அதே சுண்ணாம்புக்கல் கோலாலம்பூருக்கு அடியிலும் பரந்து கிடக்கிறது. நீர் கரைத்த பொந்துகளில் தளர்ந்த மணலும் சேறும் அடைந்திருக்கும்.

ஐஸ் பாளம் செய்யும் தொழிற்சாலையை நினைத்துக்கொள்ளுங்கள். கடுங்குளிர் உப்புக்கரைசல் தொட்டியில் தண்ணீர் நிரப்பிய தகர டின்களை இறக்குவார்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி உறையும். மண்ணில் இதையே உள்வெளியாகத் திருப்பிவிடுகிறார்கள்: கரைசல் குழாய்க்குள், தண்ணீர் வெளியே. தோண்டவேண்டிய இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 1 மீட்டர் இடைவெளியில் துளையிட்டு, நுனி மூடிய எஃகுக் குழாய்களைச் செருகுவார்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய் இருக்கும். அதன் வழியே கால்சியம் குளோரைடு கரைசல் −25 முதல் −35 டிகிரி செல்சியஸில் நுனிவரை போய், இரண்டு குழாய்களுக்கும் இடைப்பட்ட வெளியில் திரும்பி வரும். வரும் வழியில் மண்ணின் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும்.

எவ்வளவு வெப்பம்? ஒரு கனமீட்டர் ஈர மணலில் சுமார் 400 கிலோ தண்ணீர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது உறைவதற்கு மட்டுமே ஏறத்தாழ 134 மெகாஜூல் உள்ளுறை வெப்பத்தை எடுக்க வேண்டும். நம் ஊர் மண் 28 டிகிரியில் இருக்கும். அதை −10க்குக் கொண்டுபோக மொத்தம் சுமார் 240 மெகாஜூல். 10 டிகிரியில் இருக்கும் ஐரோப்பிய மண்ணுக்கு 185 போதும். நம் வெயிலுக்கு நாம் கட்டும் கூடுதல் விலை, கால்பங்கைச் சற்றே தாண்டுகிறது. வேலையைத் தடுக்கும் அளவுக்கு அது பெரிதல்ல.

உண்மையான எதிரி ஓடும் நீர். ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் ஒரு பனித்தூண் வளரும். பக்கத்துத் தூண்கள் பருக்கப் பருக்க நடுவிலுள்ள இடைவெளி குறுகும். நிலத்தடி நீர் ஓடிக்கொண்டிருந்தால் அந்த இடுக்கில் அதன் வேகம் கூடும், தோட்டக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் சீறுவதைப் போல. வேகம் கூடினால் வெப்பமும் கூடுதலாக வந்து சேரும், பனியின் விளிம்பு கரையும். கடைசி ஒரு சாண் இடைவெளி வாரக்கணக்கில் மூட மறுக்கும். நாளொன்றுக்கு 1, 2 மீட்டர் ஓட்டமே உப்புக்கரைசல் முறையைத் திணறடித்துவிடும். சுண்ணாம்புக்கல் பொந்துகளில் ஓட்டம் ஒரே வாய்க்காலில் திரண்டு வருவதால் சிக்கல் இன்னும் மோசம். பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் யாரோ தண்ணீர் இறைத்தால்கூட அந்த ஓட்டம் தொடங்கிவிடும்.

அதனால் முதலில் நீர் வரும் பக்கம் சிமெண்டுக் குழம்பைச் செலுத்திப் பொந்துகளை அடைக்கிறார்கள். குழாய்களை நெருக்குகிறார்கள். துளைகள் சாய்ந்திருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். 1 மீட்டர் இடைவெளி அடியில் 1.3 ஆகிவிட்டால், மூடும் நேரம் ஏறத்தாழ 70 சதவீதம் நீளும். அப்படியும் மூடாத இடத்துக்குத் திரவ நைட்ரஜன். −196 டிகிரியில் அது வாரங்களின் வேலையை நாள்களில் முடிக்கும். செலவு அதிகம், ஆபத்தும் அதிகம்: ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும். மணமில்லை, நிறமில்லை. சுரங்கத்துக்குள் கசிந்தால் ஆக்சிஜன் குறைந்து ஆள் சத்தமில்லாமல் சாய்ந்துவிடுவார். வாயுவைத் தனிக் குழாயில் மேலே வெளியேற்றுவதும், ஆக்சிஜன் அளவு 19.5 சதவீதத்துக்குக் கீழே போனால் அலறும் கருவியும் கட்டாயம்.

நிலம் உள்வாங்கும்போதெல்லாம் பூமி பலி கேட்கிறது என்று பேசுகிறோம். மணலை அரித்துக்கொண்டு போவது தண்ணீர். அதன் திசையையும் வேகத்தையும் அளக்க முடியும். ஒவ்வொரு தளத்திலும் அளந்த எண்கள் பொதுக் கிடங்கு ஒன்றில் சேர வேண்டும், அதற்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மண்ணுக்குள் சுவர் மூடிவிட்டதா என்று எப்படித் தெரியும்? வெப்பமானிகள் அவை இருக்கும் புள்ளியை மட்டுமே சொல்லும். நம்பகமான சாட்சி, பனிச்சுவர் வளையத்துக்குள் விட்டுவைத்த நீரழுத்தமானி. தண்ணீர் பனியாகும்போது 9 சதவீதம் விரியும். திறப்பு இருக்கும்வரை மிச்ச நீர் அதன் வழியே வெளியேறும், முள் அசையாது. சுவர் மூடியதும் நீருக்குப் போக்கிடமில்லை. அழுத்தம் விறுவிறுவென ஏறும். இன்னொரு அடையாளமும் உண்டு. மாலை மழையில் கோம்பாக் ஆறு பொங்கினால் கரையோரத் தளத்தில் வெளி அழுத்தமானி ஏறி இறங்கும். உள்ளே இருப்பது அதைக் கண்டுகொள்ளாது. பிறகு, உள்ளே அடைபட்ட நீரை வெளியேற்றும் விடுப்புத் துளையைத் திறக்கிறார்கள். முதலில் நீர் பீய்ச்சும், குறைந்து சொட்டும், நிற்கும். நின்றபின்தான் தோண்டல்.

எங்கே தவறும்? குழாய் மூட்டு கசிந்தால் அங்கே கால்சியம் குளோரைடு கலந்த மண் உறையவே உறையாது. அதனால் ஒவ்வொரு குழாயையும் அழுத்தச் சோதனை செய்து, கரைசல் தொட்டியின் மட்டத்தை இடைவிடாமல் கவனிக்கிறார்கள். இன்னொரு பலவீனம் எதிர்ச் சுரங்கத்தின் கான்கிரீட் வளையம். உள்ளிருக்கும் சூடான காற்று அதன் வழியே பனிச்சுவரின் நுனியைக் கரைக்கும். அந்த முகத்தில் குளிர்குழாய் பதித்து மேலே வெப்பக்காப்பு ஒட்ட வேண்டும். 2003 ஜூலை 1ஆம் தேதி ஷாங்காய் மெட்ரோவின் 4ஆம் பாதையில், உறையவைத்த குறுக்குவழி ஒன்றில் குளிரூட்டி பழுதாகி, உறைவு போதாத நிலையிலும் தோண்டல் தொடர்ந்தது. நீரும் மணலும் பாய்ந்து சுரங்கமே சிதைந்தது. மேலே கட்டடங்கள் சரிந்தன.

உள்சுவர்க் கான்கிரீட் பலம் பெற்றபின் குளிரூட்டியை நிறுத்தலாம். களிமண்ணும் வண்டலும் உறையும்போது நீரை இழுத்துப் பனித்தகடுகளாக அடுக்கிக்கொள்ளும். உருகினால் அந்த இடம் தொய்ந்து நிலம் இறங்கும். அதனால் உருகும் மாதங்கள் முழுக்க, சுவரில் விட்டுவைத்த சிறு குழாய்கள் வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் சிமெண்டுக் குழம்பைச் செலுத்துகிறார்கள். மேலே சாலையின் மட்ட அளவுகள் அசையாமல் நின்றதும், குழாய்களை அறுத்து, அவற்றின் வயிற்றிலும் குழம்பை நிரப்பி மூடுகிறார்கள்.